எழுபது வருடம் கழித்து வெளிவரும் கச்சேரி: பழைய ஆர்கெஸ்ட்ரா நேரடிப் பதிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பெரும்பாலும் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: ஒரே கச்சேரி ஐந்து விதமான சிடியாகக் கிடைக்கிறது, எதை வாங்குவது? எந்த டேப்பிலிருந்து எடுத்தது என்று முதலில் பாருங்கள் என்பேன். ஏன் இதையே விடாமல் சொல்கிறேன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

1942இல் நடந்த கச்சேரி எப்படிப் "புதிய வெளியீடு" ஆகும்?

பல வழிகளில் ஆகும். இதுவரை யாரும் கேட்டிராத டேப் ஒன்று வானொலி நிலையத்தின் கிடங்கிலோ ஒரு ரசிகரின் வீட்டிலோ கிடைக்கலாம். இங்கிலாந்தில் லிரிடா நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் இட்டர், 1952 முதல் பிபிசி ஒலிபரப்பிய கச்சேரிகளைத் தன் வீட்டிலிருந்தே நல்ல கருவிகள் வைத்துப் பதிவு செய்துவந்தார். பிபிசியோ தன் டேப்புகளில் பலவற்றை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தியிருந்தது. இட்டரின் பதிவுகள் 2014 முதல் சிடியாக வெளிவரத் தொடங்கியபோது, காற்றோடு போய்விட்டதாக நினைத்திருந்த பல கச்சேரிகள் திரும்பி வந்தன.

ஏற்கெனவே தெரிந்த கச்சேரிக்கே முன்பைவிட நல்ல டேப் கிடைப்பதும் உண்டு. பிரதியின் பிரதியாக இல்லாமல், மூலத்துக்கு ஒரு தலைமுறை நெருக்கமான பிரதி என்றாலே போதும், வயலின்களின் ஓசை மாறிவிடும்.

இன்னொன்று, அதே பழைய டேப்பை இன்றைய கருவியில் மறுபடி ஓட்டி எடுப்பது. ஏமாற்றம் அதிகம் இருப்பது இந்த வகையில்தான். "ரீமாஸ்டர்" என்ற சொல்லை மட்டும் நம்பிக் காசு கொடுத்துவிட வேண்டாம்.

ஒரே கச்சேரிதானே? எந்த டேப் என்பதில் அவ்வளவு வித்தியாசமா?

இதற்கு பைராய்ட் ஒன்பதாம் சிம்பொனியின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

1951 ஜூலை 29. போருக்குப் பிறகு முதல் முறையாக ஜெர்மனியின் பைராய்ட் ஊரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைவிழா மறுபடி தொடங்குகிறது. தொடக்க நாளில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி. நடத்துபவர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். 1872இல் அங்கே அரங்கத்துக்கு அடிக்கல் நாட்டியபோது வாக்னரே நடத்திய சிம்பொனி அது என்பதால் அந்தத் தேர்வுக்குத் தனி அர்த்தம் இருந்தது. இஎம்ஐ நிறுவனத்தின் தயாரிப்பாளர் வால்டர் லெக் அங்கே இருந்தார். ஃபுர்ட்வெங்லர் 1954 நவம்பரில் இறந்த பிறகு, 1955இல் இஎம்ஐ அதை எல்பியாக (நீண்ட நேரம் ஓடும் தட்டாக) வெளியிட்டது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு உலகம் முழுக்க "பைராய்ட் ஒன்பது" என்றால் அந்தப் பதிவுதான்.

2007–08 வாக்கில் ஆர்ஃபியோ நிறுவனம், பவேரிய வானொலியின் கிடங்கிலிருந்த டேப்பை வெளியிட்டது. கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். அதே நாள், அதே நடத்துநர், அதே பாடகர்கள் என்று அட்டை சொல்கிறது. ஆனால் வாசிப்பு பல இடங்களில் வேறு! இஎம்ஐ ஆட்கள் ஒத்திகையையும் பதிவு செய்திருந்தார்கள். அப்படியானால் ஐம்பது வருடம் நாம் கேட்டது கச்சேரியா, ஒத்திகையா, இரண்டையும் வெட்டி ஒட்டியதா? ரசிகர்கள் கையில் கடிகாரமும் ஸ்கோரும் (இசைக்குறிப்புப் புத்தகமும்) வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாதாடினார்கள்.

2021இல் ஸ்வீடனின் பிஐஎஸ் நிறுவனம் மூன்றாவது டேப்பைக் கொண்டுவந்தது. கச்சேரி நடந்த அன்று ஸ்வீடன் வானொலிக்கு நேரடியாக வந்த ஒலிபரப்பு அது. அறிவிப்பாளரின் குரல், பகுதிகளுக்கு இடையிலான மௌனம் எல்லாவற்றையும் அப்படியே விட்டு வெளியிட்டார்கள். ஒப்பிட்டுக் கேட்டவர்களில் பலர் வந்த முடிவு, அன்று மாலை அரங்கில் ஒலித்தது ஆர்ஃபியோவிலும் பிஐஎஸ்ஸிலும் இருப்பதுதான், இஎம்ஐ பதிப்பில் ஒத்திகை கலந்திருக்கிறது என்பது.

மூன்றையும் வாங்கியவன் நான். ஒலித்தரம் மட்டும் பார்த்தால் எனக்கு இன்றும் இஎம்ஐதான் செழிப்பு. ஆனால் தொடக்கத்தில், சுதி சேர்ப்பது போல மெல்லிய நடுக்கத்தோடு தந்திகள் கிளம்பும் அந்த இடத்தை ஸ்வீடன் டேப்பில் கேளுங்கள். அறிவிப்பு முடிந்து, சபை அடங்கி, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து அது எழுந்து வரும். அந்த மௌனத்தை வெட்டிவிட்டால் பாதி போச்சு.

போர்க்காலப் பெர்லின் பதிவுகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அப்படி என்ன அதில்?

முதலில் தொழில்நுட்பம். மற்ற நாடுகள் மெழுகிலும் அரக்கிலும் தட்டு வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஜெர்மானியரிடம் டேப் இருந்தது. ஏஇஜி நிறுவனத்தின் மேக்னட்டோஃபோன் கருவி 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சிக்கு வந்தது. 1936 நவம்பர் 19 அன்று லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த பிஏஎஸ்எஃப் அரங்கில் தாமஸ் பீச்சம் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கோடு நடத்திய கச்சேரிதான் முதன்முதலாக டேப்பில் பதிவான ஆர்கெஸ்ட்ரா கச்சேரி. அதன் ஒலி சுமார்தான். 1940இல் வானொலிப் பொறியாளர்கள் பிரௌன்ம்யூலும் வெபரும், டேப்பில் பதியும்போது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் இரைச்சல் பெருமளவு குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து எல்லாம் மாறியது. தட்டில் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். டேப்பில் ஒரு பகுதி முழுவதையும் மூச்சு விடாமல் பதியலாம்.

அப்புறம் அந்த டேப்புகளின் பயணம். 1945இல் பெர்லின் வானொலி நிலையத்திலிருந்து சோவியத் படை அவற்றை மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றது. மெலோடியா நிறுவனம் அவற்றை எல்பிகளாகப் போட்டது. அந்தத் தட்டுகள் ஒன்றிரண்டாக மேற்கு நாடுகளுக்குக் கசிந்தபோது, சேகரிப்பாளர்கள் வாயைப் பிளந்தார்கள். 1987 முதல் டேப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெர்லினுக்குத் திரும்பின. கடைசியில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கே தன் சொந்த நிறுவனத்தின் மூலம் 1939 முதல் 1945 வரையிலான ஃபுர்ட்வெங்லர் வானொலிப் பதிவுகளை 22 தட்டுகள் கொண்ட பெட்டியாக 2018 கடைசியில் வெளியிட்டது. கிடைத்தவற்றில் நல்ல மூலம் எது என்று ஒவ்வொன்றுக்கும் தேடி எடுத்த பெட்டி அது.

அதிலிருந்து ஒன்றே ஒன்று கேட்பதானால் பிராம்ஸைக் கேளுங்கள். 1945 ஜனவரி. ஃபில்ஹார்மோனிக்கின் அரங்கம் ஒரு வருடம் முன்பே குண்டுவீச்சில் போய்விட்டதால் கச்சேரி அட்மிரால்ஸ்பலாஸ்ட் நாடக அரங்கில். மோசார்ட்டின் நாற்பதாம் சிம்பொனியின் நடுவில் மின்சாரம் போனது. வெகு நேரம் கழித்து விளக்கு வந்ததும் மோசார்ட்டை விட்டுவிட்டு பிராம்ஸின் முதல் சிம்பொனியை எடுத்தார்கள். அதில் கடைசிப் பகுதி மட்டும் டேப்பில் பிழைத்திருக்கிறது. தந்திகளை விரலால் மீட்டி மீட்டி வேகம் கூட்டும் அந்த முன்னுரையில், ஆள் ஓடுவது போல இருக்கும். பிறகு டிம்பனி முரசு உருண்டு அடங்க, மேலே ஹார்ன் எழும்பும். உலகம் இடிந்து விழும் நேரத்தில் ஒரு மனிதர் அந்த ஹார்னை அவ்வளவு நிதானமாக, அவ்வளவு நீளமாக வாசித்திருக்கிறார். அடுத்த சில வாரங்களில் ஃபுர்ட்வெங்லர் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பிப் போனார்.

அப்படியானால் நாஜி ஆட்சிக்கு வாசித்த இசையைத்தானே ரசிக்கிறோம்?

ஆமாம். அதை மறைக்கவே கூடாது. 1942 ஏப்ரல் 19 அன்று, ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தைய மாலை, இதே ஃபுர்ட்வெங்லர் இதே ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார். "எல்லா மனிதரும் சகோதரர் ஆவார்கள்" என்று பாடும் சிம்பொனி. சபையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது தெரிந்த விஷயம். அவர் யூத இசைக்கலைஞர்கள் சிலரைக் காப்பாற்றினார், கட்சியில் சேரவில்லை என்பதும் உண்மை. நாட்டை விட்டுப் போகவில்லை, அவர் பெயரை ஆட்சி பயன்படுத்திக்கொண்டது என்பதும் உண்மை. நான் இந்தப் பதிவுகளைக் கேட்கிறேன். கேட்கும்போது தேதியையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நல்ல வெளியீடு என்றால் உடன் வரும் சிறுநூலில் இந்த வரலாறு ஒளிவுமறைவு இல்லாமல் இருக்க வேண்டும். பெர்லின் பெட்டியில் இருக்கிறது.

டேப் வருவதற்கு முன் நேரடிக் கச்சேரியைப் பதிவே செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள், கஷ்டப்பட்டு. 1938 ஜனவரி 16, வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் அரங்கம். புரூனோ வால்டர் தன் ஆசானான குஸ்டாவ் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்துகிறார். எச்எம்வி அதை நேரடியாகத் தட்டில் வெட்டியது. ஒரு தட்டு நிறைவதற்குள் அடுத்த கருவியில் அடுத்த தட்டு சுழலத் தொடங்கிவிட வேண்டும். சுமார் எழுபது நிமிடச் சிம்பொனி 10 தட்டுகள், 20 பக்கங்கள் என்று விற்பனைக்கு வந்தது. அன்று வாங்கியவர் மூன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து தட்டைத் திருப்பியிருப்பார். இன்றைய மறுவெளியீடுகளில் அந்த 20 துண்டுகளையும் ஒட்டு தெரியாமல் சேர்ப்பதே தனிக் கலை. மார்க் ஓபர்ட்-தார்ன், வார்ட் மார்ஸ்டன் போன்றவர்கள் இதில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள்.

இந்தப் பதிவில் இருமல் சத்தம் நிறைய. கேட்கக் கேட்க அந்த இருமல்காரர்கள் எனக்குப் பழகிவிட்டார்கள். எட்டு வாரத்தில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் வந்தது. வால்டர் திரும்பி வர முடியவில்லை. அன்று முதல் வயலின் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்த அர்னால்ட் ரோஸே, மாலரின் தங்கையை மணந்தவர், முதுமையில் லண்டனுக்கு ஓட நேர்ந்தது. அன்று வாசித்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவின் யூத உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் வதை முகாம்களில் மாண்டார்கள். கடைசிப் பகுதியில் தந்திகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து அடங்கும் இடத்தை இதெல்லாம் தெரிந்த பிறகு முன்பு போலக் கேட்க முடியாது.

பழைய பதிவில் இரைச்சலை ஏன் முழுசாக நீக்குவதில்லை? இப்போதுதான் கணினி இருக்கிறதே.

நீக்கலாம். நீக்கினால் இசையும் கூடவே போகும். "ஸ்ஸ்" என்ற இரைச்சல் இருக்கும் அதே உயர் அதிர்வெண்ணில்தான் வயலின் வில்லின் உரசலும் அரங்கத்தின் காற்றும் இருக்கின்றன. ஒருமுறை சின்ன நிறுவனம் ஒன்றிடம் 1950களின் கச்சேரி சிடி ஒன்றை வாங்கினேன். இரைச்சல் துளியும் இல்லை. சிம்பல் அடித்தால் போர்வைக்குள் அடித்தது மாதிரி இருந்தது, கைதட்டல் மழை ஓய்ந்த தகர ஓடு மாதிரி இருந்தது. இரண்டு நாளில் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டது.

தட்டிலிருந்து எடுக்கும்போது அழுக்கு நீக்குவதைவிட முக்கியமான வேலைகள் உண்டு. தட்டின் பள்ளத்துக்குச் சரியான அளவு ஊசி, அந்த நிறுவனம் அந்த வருடம் பயன்படுத்திய ஒலிச்சமன் அளவு (கனத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் கூட்டிக் குறைத்த அளவு), நடுத்துளை கோணலாக இருந்தால் அதைச் சரி செய்வது. இதை எல்லாம் கவனமாகச் செய்தால் பாதி இரைச்சல் தானாகவே பின்னுக்குப் போய்விடும். "கிளிக்", "டொக்" போன்றவற்றை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரைச்சலில் கொஞ்சம் இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் காது அதைத் தாண்டிவிடும்.

சுருதியும் வேகமும் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பழைய தட்டுகளும் டேப்புகளும் சரியான வேகத்தில் ஓடியிருக்கும் என்று நம்பக் கூடாது. வேகம் கூடினால் சுருதியும் ஏறும். நடத்துநர் "அசுர வேகத்தில்" வாசித்தார் என்ற புகழ் சில சமயம் டேப் ஓடிய வேகத்தின் புகழ்தான். அன்றைய பெர்லின் ஆர்கெஸ்ட்ரா எந்தச் சுருதிக்கு மீட்டிக்கொண்டது என்பதும் உறுதியாகத் தெரியாத விஷயம்.

இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. பதிவு நடந்த இடத்தின் மின்சார ஓசை, ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு, டேப்பின் அடியில் மெல்லியதாகப் பதிந்திருக்கும். அதை அளந்தால் டேப் எவ்வளவு ஏறி இறங்கி ஓடியது என்று தெரிந்துவிடும். பிரான்ஸிலிருந்து இயங்கும் பிரிஸ்டீன் நிறுவனத்தின் ஆண்ட்ரூ ரோஸ் இந்த வழியை நிறையப் பயன்படுத்துபவர். எஞ்சினியர் தொந்தரவு என்று நினைத்த ரீங்காரமே இன்று சாட்சியாக நிற்கிறது.

1950க்கு முன் ஸ்டீரியோவே கிடையாதா?

உண்டு, ஆனால் மிகக் குறைவு. 1934இல் ஆலன் புளூம்லைன் லண்டன் ஆபி ரோட்டில் பீச்சம் நடத்திய மோசார்ட்டைச் சோதனையாக ஸ்டீரியோவில் பதிந்தார். 1944இல் கராயன் பெர்லினில் நடத்திய புரூக்னர் எட்டாம் சிம்பொனியின் கடைசிப் பகுதி ஸ்டீரியோவில் மிஞ்சியிருக்கிறது. போரின் கடைசி மாதங்களில் வால்டர் கீஸெகிங் வாசித்த பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கான்செர்டோவும் (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) அப்படியே. அதன் முதல் பகுதியின் அமைதியான இடங்களில் தொலைவில் விமான எதிர்ப்புப் பீரங்கி கேட்கிறது என்பார்கள். "ஸ்டீரியோ விளைவு சேர்த்தது" என்று அட்டையில் இருந்தால் அது மோனோவை விரித்துப் போட்டது. அது வேறு.

"லைவ்" என்று போட்டால் ஒரே மாலை, ஒரே கச்சேரி என்று அர்த்தமா?

இன்றைய வெளியீடுகளில் பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று நாள் அதே நிகழ்ச்சியை நடத்தி, சபை போன பிறகு கொஞ்சம் திருத்தமும் பதிந்து, நல்லவற்றைச் சேர்த்துத் தருவார்கள். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் எல்எஸ்ஓ லைவ், ஆம்ஸ்டர்டாம் கன்செர்ட்கெபோவின் ஆர்சிஓ லைவ், சிகாகோவின் சிஎஸ்ஓ ரிசவுண்ட் என்று 2000 வாக்கிலிருந்து வாத்தியக் குழுக்களே நிறுவனம் தொடங்கியது ஒரு நல்ல திருப்பம். பெரிய நிறுவனங்கள் ஸ்டூடியோவுக்குப் பணம் போடுவதை நிறுத்திய நேரத்தில், எப்படியும் நடக்கப்போகும் கச்சேரியைப் பதிந்தால் செலவு குறைவு. கோலின் டேவிஸ் 2000இல் நடத்திய பெர்லியோஸின் "டிராய் மக்கள்" ஆபரா எல்எஸ்ஓ லைவில் வந்து இரண்டு கிராமி விருதுகள் வாங்கியபோது பலருக்கு நம்பிக்கை வந்தது.

அட்டையில் ஒரே ஒரு தேதி இருந்தால் ஒரே மாலை. "12–15 மே" என்று இருந்தால் பல மாலைகளின் கூட்டு. கூட்டாக இருப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை, தெரிந்து வாங்கினால் சரி.

தப்புகளோடு இருக்கும் கச்சேரியை ஏன் வெளியிட வேண்டும்?

1954 ஏப்ரல் 4. நியூயார்க் கார்னகி ஹாலில் 87 வயது நடத்துநர் டோஸ்கனினியின் கடைசி என்பிசி வானொலி ஒலிபரப்பு, முழுக்க வாக்னர். டான்ஹாய்சர் ஆபராவின் இசை நடுவில் அவருக்கு ஞாபகம் தப்பியது. கை தயங்கியது, குழு தடுமாறியது. ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அறையில் பதறிப்போய், கச்சேரியைத் துண்டித்து அவருடைய பிராம்ஸ் பதிவைச் சிறிது நேரம் ஓடவிட்டார்கள். வீட்டில் வானொலி கேட்டவர்களுக்கு வாக்னர் நடுவே திடீரென்று பிராம்ஸ்!

அன்றே சோதனையாக ஸ்டீரியோ டேப்பும் ஓடிக்கொண்டிருந்தது. அது பிற்காலத்தில் வெளிவந்தபோது அந்தத் தடுமாற்றம் முழுவதையும் கேட்க முடிந்தது. நான் இதைப் பரிதாபத்துக்காகக் கேட்பதில்லை. அவர் தயங்கும்போது வாத்தியக்காரர்கள் எப்படி ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்து மேலே ஏறுகிறார்கள் என்று கேளுங்கள். பதினேழு வருடம் அவரோடு இருந்த குழு அது.

நடத்துநரே வேண்டாம் என்றதை இறந்த பிறகு வெளியிடுவது சரியா?

நடத்துநர் செர்ஜியு செலிபிடாக்கேயைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். இசை அந்த அரங்கில் அந்த நேரத்தில் மட்டுமே இருக்கிறது என்று நம்பியவர், தட்டு போடுவதை வாழ்நாளின் பெரும்பகுதி மறுத்தவர். 1996இல் இறந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு மியூனிக் ஃபில்ஹார்மோனிக் கச்சேரிகள் இஎம்ஐயில் வந்தன. கள்ளப் பிரதிகள் மோசமான ஒலியில் சுற்றிக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

எனக்கு இதில் இரண்டு மனசு. அவருடைய புரூக்னரின் மகா மந்தமான நடை, எதிரொலி அடங்கும்வரை காத்திருக்கும் அரங்கத்தில் பிறந்தது. என் அறையில் அது சில சமயம் நின்றே போகிறது. ஆனாலும் அந்தப் பதிவுகள் இல்லாத உலகம் எனக்கு வேண்டாம். கார்லோஸ் கிளைபர் வேறு விதம். 1982 மே 3 அன்று மியூனிக்கில் நடத்திய பீத்தோவன் நான்காம் சிம்பொனியை அவரே சம்மதித்து ஆர்ஃபியோவில் வெளியிட்டார். கடைசிப் பகுதியில் பசூன் என்ற மரக்குழலை வாசிப்பவர் பறக்கிறார். கேட்டு முடித்ததும் எழுந்து நிற்கத் தோன்றும்.

போலிகள் உண்டா?

உண்டு, பாதிக்கு மேல் தெரியாமல் நடந்தவை. ஃபுர்ட்வெங்லர் நடத்தியதாக வெகுகாலம் விற்ற டிவோர்ஷாக் "புதிய உலகம்" சிம்பொனி உண்மையில் 1944இல் மியூனிக்கில் ஓஸ்வால்ட் கபாஸ்டா நடத்தியது. பியானோ கலைஞர் டினு லிபாட்டி வாசித்ததாக 1960களில் வெளிவந்து விமர்சகர்கள் கொண்டாடிய சோபின் கான்செர்டோவை, 1981இல் பிபிசி ஒலிபரப்பியபோது ஒரு நேயர் தன் வீட்டுத் தட்டோடு ஒப்பிட்டு, இது ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா வாசித்தது என்று கண்டுபிடித்தார். அவ்வளவு பேர் தவறவிட்டதை ஒரு வீட்டு நேயரின் காது பிடித்தது. கபாஸ்டாவின் பதிவைப் பெயர் மாறியதற்காகத் தூக்கிப் போட வேண்டாம், அருமையான வாசிப்பு.

எந்த நிறுவனங்களை நம்பி வாங்கலாம்?

வானொலி மூல டேப்பை நேரடியாகப் பெறுபவர்களை முதலில் பாருங்கள். ஆர்ஃபியோ, பிஆர் கிளாசிக், எஸ்டபிள்யூஆர் கிளாசிக், ஆடிடே, டெஸ்டமென்ட், ஐசிஏ கிளாசிக்ஸ். ஆடிடே 2009இல் வெளியிட்ட ஃபுர்ட்வெங்லரின் பெர்லின் ரியாஸ் வானொலிக் கச்சேரிகள் நொடிக்கு 76 சென்டிமீட்டர் ஓடும் மூல டேப்பிலிருந்து எடுத்தவை. அந்த வேகத்தில் ஆயிரம் மீட்டர் டேப் 22 நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஆனாலும் அன்றைய வானொலிக்காரர்கள் சிக்கனம் பார்க்கவில்லை. அதன் பலன் நமக்குக் கிடைக்கிறது. டெஸ்டமென்டை நான் மதிப்பது 1955 பைராய்ட் "ரிங்" (வாக்னரின் நான்கு ஆபராக்கள் கொண்ட தொடர்) பதிவுக்காக. டெக்கா அதை அப்போதே ஸ்டீரியோவில் பதிந்து, வெளியிடாமல் அரை நூற்றாண்டு வைத்திருந்தது. நடத்தியவர் யோசஃப் கைல்பெர்த். 2006இல் டெஸ்டமென்ட் வெளியே கொண்டுவந்தது.

தட்டிலிருந்து எடுப்பதில் பிரிஸ்டீன், நாக்சோஸ் ஹிஸ்டாரிகல், மார்ஸ்டன், பிடல்ஃப், சோம். பிரிஸ்டீனின் ஒலி சிலருக்கு மிகவும் பளிச்சென்று இருக்கும். கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெரிய பெட்டிகள் வாங்கலாமா?

வார்னர் 2021இல் 55 சிடிகளில் ஃபுர்ட்வெங்லர் முழுத்தொகுப்பு போட்டது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் தன் ஃபுர்ட்வெங்லர் பெட்டியைத் தொடர்ந்து, கராயனின் 1953–1969 பெர்லின் கச்சேரிகளை 24 தட்டுகளில் கொண்டுவந்தது. தட்டு ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் பெட்டி மலிவு. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு 55 சிடி ஒரு சுமை. இரண்டு தட்டு கேட்டுவிட்டு மூடி வைத்துவிடுவோம். முதலில் ஒற்றைத் தட்டாக நான்கு கச்சேரி பழகட்டும்.

இவற்றின் காப்புரிமை தீர்ந்துவிட்டதா?

நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான வருடத்துக்குப் பிறகு 60 வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 50 வருடமாக இருந்ததை 70 ஆக்கினார்கள், ஆனால் 1963க்கு முன் வெளியானவை அதற்குள் பொதுச் சொத்தாகிவிட்டன. அமெரிக்காவில் 2018 சட்டப்படி 1947–56 காலத்துப் பதிவுகளுக்கு 110 வருடம். சில ஐரோப்பிய வெளியீடுகள் அமெரிக்காவில் விற்பனைக்கு இல்லை என்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

இளையராஜாவின் முதல் சிம்பொனிப் பதிவு வெளிவருமா?

1993இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசிக்க, ஜான் ஸ்காட் நடத்த, பதிவானது அது. இன்றுவரை தட்டாக வரவில்லை. 2025 மார்ச் 8 அன்று "வேலியன்ட்" சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் கன்செர்ட் ஆர்கெஸ்ட்ரா லண்டனில் வாசித்தபோது எனக்கு 1993இன் நினைவுதான் வந்தது. அந்த டேப் என்றாவது வெளிவந்தால் இந்தப் பக்கத்தில் அதற்குத் தனியாகவே எழுதுவேன்.

சிடி அட்டையில் என்ன பார்க்க வேண்டும்?

பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஊர், அரங்கம், முழுத்தேதி இருக்கிறதா? "1950களில், லைவ்" என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து, "மூல டேப்பிலிருந்து" என்றோ, எந்த வானொலியின் கிடங்கு என்றோ ஒரு வரி இருக்க வேண்டும். தட்டிலிருந்து எடுத்ததென்றால் யார் எடுத்தார் என்ற பெயர் இருக்க வேண்டும். தன் பெயரைப் போடத் தயங்காதவர் வேலையையும் ஒழுங்காகவே செய்திருப்பார். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு இந்த விவரங்கள் பெரும்பாலும் கண்ணில் படாது. ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல் 2023இல் வந்தபின் தேடுவது சுலபமாகியிருக்கிறது, ஆனாலும் ஒரே கச்சேரிக்கு ஏழெட்டுப் பதிப்பு வரிசையாக நிற்கும். நிறுவனத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சரி, நான் எதில் தொடங்கட்டும்?

ஒலி முதலில் பயமுறுத்தக் கூடாது. அதனால் கிளைபரின் பீத்தோவன் நான்கு. அரை மணி நேரத்து ஸ்டீரியோ, ஒரே மாலை. பிடித்தால் அடுத்த வாரம் பைராய்ட் ஒன்பது, பிஐஎஸ் பதிப்பு, விளக்கை அணைத்துவிட்டு. மூன்றாவதாக 1938 மாலர். அதற்குள் காது இரைச்சலுக்குப் பழகியிருக்கும். ஹெட்ஃபோனில் வேண்டாம், அறையில் ஸ்பீக்கரில் போடுங்கள், தட்டின் கரகரப்பு காற்றில் கரைந்துவிடும். 1945 பிராம்ஸை மட்டும் இரவில் தனியாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.